தொண்டைக்குழியில் ஓர் உள்ளங்கை

மூச்சு மட்டும் விட்டுக்கிடலாம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் விளக்கை அணைத்தாள். சொன்ன குரலில் சிரிப்பு இருந்தது. திரும்பச் சிரிக்க எனக்கு வரவில்லை. பேசக் கூடாது, அசையக் கூடாது, இருமல் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். அறை சிறியது. வெளியோசை எதுவும் உள்ளே வராதபடி சுவரெங்கும் துளையிட்ட பலகைகளை அடித்திருக்கிறார்கள். கட்டிலில் சாய்ந்து அமர்ந்திருக்கிறேன். என் மடியிலும் மார்பிலுமாகக் கயற்கண்ணி உறங்குகிறாள். புகட்டிய உறக்க மருந்தின் இனிப்பு வாடை அவள் வாயோரத்தில் இன்னும் இருக்கிறது. நெற்றியில் ஒரு வில்லை, இரு காதுகளின் பின்னும் ஒவ்வொரு வில்லை, அவற்றிலிருந்து கம்பிகள், காதுத் துளைகளில் மஞ்சள் நிற நுரைத் துண்டுகள். அந்தத் துண்டுகளின் வழியாகக் கருவி டிக் டிக்கென்று ஓசையை அனுப்பும்; காது அதைப் பெற்று மூளைக்குக் கொடுத்தால் திரையில் அலை எழும், கொடுக்காவிட்டால் எழாது; பிள்ளை ஒன்றும் சொல்ல வேண்டாம், உறங்கினால் போதும் என்று அந்தப் பெண், செவிப் பரிசோதனை செய்யும் ஜெபமலர், வாசலிலேயே விளக்கியிருந்தாள். என் மாணவியரைவிடச் சற்றே மூத்தவளாக இருப்பாள். பதில் சொல்ல வேண்டாத ஒரு தேர்வு. மூன்று வயது நிறைந்தும் ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளைக்குப் பொருத்தமான தேர்வுதான் என்று அப்போது நினைத்தேன். நினைத்ததற்காக உடனே என்னைக் கடிந்துகொண்டேன். திரை எனக்குத் தெரியவில்லை. அது பக்கவாட்டில் இருக்கிறது. அதன் வெளிச்சம் ஜெபமலரின் கன்னத்தில் விழுவது மட்டும் தெரிகிறது. அலை எழுந்தால் கன்னம் மாறுமா? வெளிச்சம் நடுங்குமா? கன்னத்தைப் பார்த்து முடிவை அறியலாம் என்று எண்ணுவது எவ்வளவு பேதைமை. ஆயினும் பார்க்கிறேன். கண்ணுக்கு இந்த இருட்டில் வேறு வேலை இல்லை.

அவளுக்குக் காது கேட்கும். இதை விருப்பமாகச் சொல்லவில்லை, சான்றுகளோடு சொல்கிறேன். காலையில் எழுந்திரு என்றால் எழுகிறாள். பல் துலக்கலாம் என்றால் பிரஷை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போகிறாள். துண்டை எடு என்றால் கொடியிலிருந்து துண்டு வருகிறது. சீப்பு என்றால் சீப்பு. செருப்பைப் போடு என்றால் வாசற்படியில் உட்கார்ந்து இடதுகாலுக்கு இடது, வலதுகாலுக்கு வலது. ஒருநாளும் மாறியதில்லை. எங்கள் வீட்டில் எதுவும் மாறுவதில்லை. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கும் வரிசை, கயலின் சட்டைகளை மடித்து வைக்கும் வரிசை, மாலையில் விளக்கேற்றும் முன் வாசல் தெளிக்கும் வரிசை, எல்லாம் நான் வகுத்தவை. என் கணவர் ஆவுடையப்பனின் அக்காள் சொர்ணம், நான் மதினி என்று அழைப்பவர், எங்கள் வீட்டைப் பள்ளிக்கூடம் என்றே சொல்வார். ஒங்க வீட்டுல பல்லிகூட பெல் அடிச்சாத்தான் சத்தம் போடும் என்பார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒழுங்கில் வளரும் பிள்ளைக்கு மொழியும் ஒழுங்காக வரும் என்பது என் எண்ணம். மம்மு, சாச்சி, தத்தக்கா என்ற மழலைச் சொற்களை எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் சொல்லக் கூடாது என்று தடுத்தேன். சோறு என்றே சொல்லுங்கள், தூக்கம் என்றே சொல்லுங்கள், பிள்ளை முதலில் கேட்பது நிறைவான சொல்லாக இருக்கட்டும் என்றேன். இரண்டு வயது தாண்டியும் அவள் வாய் திறக்காதபோது, சேர்த்து வைக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் முழு வாக்கியமாகவே பேசப்போகிறாள், எழுவாயும் பயனிலையும் ஒத்து நிற்க, என்று கல்லூரியில் என் தமிழ்த்துறைத் தோழியரிடம் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆவுடையப்பனும் நாலு வயது வரைக்கும் பேசவில்லையாம். ரெண்டு பேருக்கும் சேத்து நீயே பேசுதல்லா, அவளுக்கு என்ன அவசரம் என்பார் அவர். அவசரமில்லை. ஆகவே காத்திருந்தோம். பிள்ளை கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று ஜெபமலர் காலையில் கேட்டபோது, திரும்புகிறாள் என்று தயக்கமின்றிச் சொன்னேன். பின்னால் இருந்து கூப்பிட்டாலுமா என்று கேட்டாள். ஆம் என்றேன். ஆம் என்று சொன்ன பிறகுதான் நினைவுகூர முயன்றேன்; சான்று தேடிய பிறகே கருத்துச் சொல்ல வேண்டும் என்று மாணவியருக்குச் சொல்பவள் நான்.

பின்னால் இருந்து எப்போது கூப்பிட்டேன்? பழைய மரக்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்; நான் கட்டிலின் விளிம்பில் முழங்காலை ஊன்றி, கயல் என்பேன்; திரும்புவாள். முழங்காலை ஊன்றி. கட்டில் அசைந்திருக்கும். இல்லை, அடுக்களையில் இருந்து கூப்பிட்டு வந்திருக்கிறாளே. வந்திருக்கிறாள், ஆனால் அது பால் ஆற்றும் நேரம், கூப்பிடாமலும் வந்திருப்பாளோ என்று பார்க்க நான் ஒருநாளும் கூப்பிடாமல் இருந்ததில்லை. குக்கர் விசில் வந்தால் அடுப்பைப் பார்ப்பாள். அப்போது நானும் அடுப்பைத்தான் பார்ப்பேன், யார் யாரைப் பார்த்துத் திரும்பினோம்? தீபாவளிக்குத் தெருவில் சரவெடி வெடித்தபோது பிள்ளைகள் எல்லாம் ஓடி ஒளிய இவள் ஒருத்தி வாசலில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் தைரியசாலி என்றார், நானும் அதை எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். ஒவ்வொரு சான்றையும் கையில் எடுக்கிறேன்; எடுக்கும்போதே அது நெகிழ்கிறது. இன்னும் ஒன்று இருக்கும், அசைக்க முடியாத ஒன்று, என்று தேடுகிறேன். தேடுகிற இடத்தில் துண்டு வந்து நிற்கிறது. அந்தத் துண்டை நான் நினைக்க விரும்பவில்லை. சென்ற பருவத்து விடைத்தாள் திருத்தும் நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மதினி வந்திருந்தார். மாலையில் நான் திரும்பியதும், தண்ணி கேட்டா துண்டு கொண்டாரா ஒம் மக, கலெக்டர் வீட்டுப் பிள்ளைல்லா, நம்ம பேச்சு அதுக்கு வெளங்காது என்று சிரித்தார். அவளுக்கு உங்கள் பேச்சுப் பழக்கமில்லை மதினி என்றேன். அப்படித்தான் நம்பினேன், என் தெளிவான, அசை விழாத சொற்களில் பழகிய காதுக்கு அவர் பேச்சு புரியாததில் வியப்பில்லை என்று, சொல்லக் கூசுகிறது, சற்றே பெருமைகூட இருந்தது. மதினியின் சிரிப்பு நின்றது. தண்ணிக்கு எந்த ஊருலயும் தண்ணிதானளா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏளா, கோவிச்சுக்கிடாத. எல்லாரும் பிள்ளைக்கு நாக்கப் பாக்கிய. காதப் பாரு” என்றார். நான் காப்பி ஆற்றிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். அதன்பின் ஒரு பருவம் முழுவதும் கழிந்தது.

கயலின் மூச்சு சீராக வருகிறது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவள் முதுகு என் கையை மெல்ல உயர்த்தித் தாழ்த்துகிறது. காலையில் இவளை விடியுமுன் எழுப்பிவிட வேண்டும், வழியில் உறங்கவிடக் கூடாது, அப்போதுதான் மருந்து பிடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டின் வரிசை முதன்முதலாக இன்று குலைந்தது. இருட்டில் எழுப்பி உட்கார வைத்தேன். இன்று பல் துலக்கல் பிறகு, முதலில் சற்று நடந்துவிட்டு வரலாம், உறக்கம் கலையட்டும் என்று எண்ணி, கயல், செருப்பை எடுத்து வா என்றேன். போனாள். பிரஷோடு வந்தாள். பிரஷ் இல்லை கண்ணு, செருப்பு என்றேன், ஒவ்வோர் எழுத்தும் தனித்து ஒலிக்க. என் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள், வேறெந்தப் பிள்ளையும் தாய் முகத்தை அவ்வளவு கருத்தாகப் பார்த்து நான் கண்டதில்லை. மறுபடி போய் மறுபடி பிரஷோடு வந்தாள். மூன்றாம் முறை நான் சொன்னபோது, பிரஷை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதன்மேல் மூடினாள். இதோ இருக்கிறது, உனக்குத்தான் தெரியவில்லை என்பதுபோல. உறக்கக் கலக்கம் என்று ஆவுடையப்பன் சொன்னார். உறக்கக் கலக்கம் என்று நானும் சொன்னேன். மருத்துவமனைக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அந்த விரல்கள் என் விரல்களை மடக்கிக்கொண்டே இருந்தன. இப்போது இந்த இருட்டில், பேச்சு தடுக்கப்பட்ட இடத்தில், அது என்னவென்று மெல்லத் தெளிகிறது; தெளிய வேண்டாம் என்று தள்ளுகிறேன், மீண்டும் தெளிகிறது. எழுந்ததும் பிரஷ். பிரஷுக்குப் பின் துண்டு. துண்டுக்குப் பின் சீப்பு. அவள் என் சொல்லைக் கேட்டு நடக்கவில்லை. என் வரிசையைப் பார்த்து நடந்தாள். நான் வகுத்த நாளை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். ஒவ்வொரு சொல்லும் அதற்குரிய இடத்திலேயே வந்ததால் எந்தச் சொல்லும் அவளுக்குத் தேவைப்படவில்லை. எதற்கும் ஒழுங்கில்லாத ஒரு வீட்டில் பிறந்திருந்தால் அவளுடைய முதல் ஆண்டிலேயே யாரேனும் கண்டுபிடித்திருப்பார்கள். இல்லை. அப்படி முடிவு கட்டக் கூடாது. பரிசோதனை முடியவில்லை. வினைமுற்று வரும்வரை வாக்கியம் எப்படியும் திரும்பலாம்.

சொந்தத்துல கல்யாணமா என்று ஜெபமலர் கேட்டு எழுதிக்கொண்டாள். அத்தை மகன் என்றேன். பொறந்ததும் மஞ்சக்காமாலை வந்துச்சா, வயித்துல இருக்கும்போது ஒங்களுக்கு அம்மை கிம்மை போட்டுச்சா, குடும்பத்துல வேற யாருக்காவது பேச்சு வராம இருந்துச்சா. இல்லை, இல்லை, இல்லை என்றேன். மூன்றாவது இல்லை பொய் என்று இப்போது நினைவுக்கு வருகிறது. பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை, அவ்வளவு முழுமையாக மறந்திருக்கிறோம். என் தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தார். ஊமையாச்சி. என் அப்பாவின் திருமணப் புகைப்படத்தில் கடைசி ஆளாக, சட்டத்தால் பாதித் தோள் மறைந்து நிற்கிறார். எல்லாரும் படக்கருவியைப் பார்க்க, அவர் மட்டும் பக்கத்தில் நிற்பவரின் வாயைப் பார்க்கிறார். சிறுமியாக இருந்தபோது அவர் பெயர் என்னவென்று அப்பாவிடம் கேட்டேன். ஊமையாச்சிதான் என்றார். அது பெயரா என்று கேட்டேன். அப்பா சற்று யோசித்துவிட்டு, வேற பேரு வச்சிருப்பாங்க, யாரு கூப்பிட்டா என்றார். யாரும் அவர் காதைப் பார்க்கவில்லை. நாக்கைத்தான் பார்த்தார்கள். கயலுக்கும் நாக்கைத்தான் பார்த்தோம். நாக்கு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு மருத்துவர் தூக்கிப் பார்த்து, ஒட்டவில்லை, காத்திருங்கள் என்றார். வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவினார்கள். கசந்து முகத்தைச் சுளித்தாள், சுளித்ததும் நல்ல அறிகுறி என்றார்கள். ஆவுடையப்பன் வீட்டுச் சாஸ்தா கோயிலில் வெண்கல மணி கட்டினோம். பேச்சு வராத பிள்ளைகளுக்காக அங்கே மணி கட்டுவது வழக்கம். கோயில் மரத்தின் கிளையெங்கும் பிறர் கட்டியவை, காற்றடித்தால் எல்லாம் ஒருசேர ஒலிக்கும். கயலைத் தோளில் தூக்கி மணியின் நாவைப் பிடித்து ஆட்டச் சொன்னார் ஆவுடையப்பன். ஆட்டினாள். ஆட்டிவிட்டு, உள்ளங்கையை விரித்து மணியின் வயிற்றில் பதித்துக்கொண்டாள். அது அடங்கும்வரை எடுக்கவில்லை. அடங்கியதும் மறுபடி ஆட்டினாள், மறுபடி பதித்தாள். பிள்ளைக்கு மணி பிடித்துவிட்டது என்று பூசாரி சொன்னார்.

உள்ளங்கை. இந்த உள்ளங்கை இப்போதும் என் தொண்டைக்குழியில் இருக்கிறது. பால்குடி மறந்த நாளிலிருந்து இவள் இப்படித்தான் உறங்குவாள்: என் மார்பில் சாய்ந்து, வலது கையை என் கழுத்தில் பதித்து. நான் ஏதேனும் பாடுவேன். பாட்டு வராத நாளில் மறுநாள் பாடத்தையே மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பேன். நிறுத்தினால் கண் விழிப்பாள். என் குரலைக் கேட்காமல் இவளுக்கு உறக்கம் வராது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அசைக்க முடியாத சான்று என்று நான் தேடியது இதைத்தான், இதோ கிடைத்துவிட்டது, கிடைத்த கையிலேயே உடைகிறது. ஆண்டுதோறும் முதலாண்டு மாணவியருக்கு எழுத்துகள் பிறக்கும் முறையைக் கற்பிக்கிறேன். உந்தியில் எழும் காற்று நெஞ்சிலும் கழுத்திலும் தலையிலும் மூக்கிலும் தங்கி, இதழும் நாவும் பல்லும் அண்ணமும் தொழிற்பட ஒலியாகிறது என்று சொல்லி, நம்பாவிட்டால் கழுத்தில் கைவைத்துப் பாருங்கள் என்பேன். வகுப்பு முழுவதும் கழுத்தில் கைவைத்து அகரத்தைச் சொல்லிச் சிரிக்கும். அதிருதுங்க மேடம், பூனை மாதிரி இருக்கு என்று சென்ற ஆண்டு ஒரு பெண் சொன்னாள். அத்தனை கழுத்துகளிலும் அத்தனை கைகளையும் பார்த்த நான் என் கழுத்தில் இருந்த கையை அன்பு என்று மட்டுமே எண்ணினேன். அன்பும்தான். அன்பு இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவள் என் குரலைத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எதைச் சொன்னேன் என்பது அவளுக்கு ஒருநாளும் எட்டவில்லை, பாட்டும் பாடமும் அவளுக்கு ஒரே அதிர்வு. உந்தியையும் நெஞ்சையும் நாவையும் பல்லையும் அண்ணத்தையும் வரிசை பிசகாமல் கற்பித்தேன், செவியைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, அது திறந்துதானே இருக்கிறது என்று.

ஏதோ ஒலிக்கிறது. முதலில் குளிர்சாதனத்தின் உள்ளே ஏதோ தட்டுகிறது என்று நினைத்தேன். இல்லை, அருகில், மிக அருகில். என் தாடையின் கீழ். டிக் டிக் டிக் டிக் என்று, பூச்சியின் இரைச்சல்போல இடைவெளியற்று. கயலின் காதில் செருகிய நுரைத் துண்டைத் தாண்டிக் கசிந்து என் காதுக்கு வருகிறது. ஜெபமலர் ஓசையைக் கூட்டியிருக்கிறாள். இவ்வளவு கூட்ட வேண்டியிருக்கிறது என்றால் குறைந்த ஓசைகளுக்கு அலை எழவில்லை. அவள் விசையைத் தட்டுவது தெரிகிறது. ஒலி இன்னும் தடிக்கிறது. எனக்கே கேட்கிறது. நுரையாலும் தசையாலும் மூடிய வேறொரு காதுக்குள் இருந்து எனக்கே கேட்கிறது; அந்தக் காதுக்கு உரியவள் இமை அசைக்கவில்லை. மருந்து என்று சொல்லிக்கொள்கிறேன். உறக்கத்திலும் காது கேட்கும், அலை எழும், அதற்காகத்தான் உறங்க வைக்கிறோம் என்று அவளே சொன்னாளே என்று இன்னொரு குரல் உடனே திருத்துகிறது. அதுவும் என் குரல்தான், தவறு கண்ட இடத்தில் நிற்காமல் திருத்தும் குரல். கயல், கேள். ஒருமுறை கேள். இந்த அருவருப்பான டிக் டிக்கை மட்டும் கேள், அதன்பின் நீ பேசாவிட்டாலும் போகிறது, மம்மு என்று சொன்னாலும் போகிறது, சாச்சி என்று சொன்னாலும் போகிறது. நான் பேசக் கூடாது. நான் அசையக் கூடாது. ஜெபமலரின் கன்னத்தில் வெளிச்சம் நடுங்கவில்லை. அது சமமாக, ஒரு கோடுபோல, அப்படியே இருக்கிறது. மற்றக் காதுக்கு மாற்றுகிறாள். என் இடப்பக்கத்தில் ஒலித்தது வலப்பக்கத்தில் ஒலிக்கிறது. அதுவும் தடிக்கிறது. அதுவும் எனக்கே கேட்கிறது.

விளக்கு எரிந்தபோது கண் கூசியது. ஜெபமலர் கயலின் காதுகளில் இருந்து துண்டுகளை எடுத்தாள், வில்லைகளைத் தண்ணீர் தொட்டு மெல்ல உரித்தாள், ஆவுடையப்பனைக் கூப்பிட்டாள். அவர் பால் ஃபிளாஸ்கைக் கையில் பிடித்தபடியே வாசலில் நின்றார். நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் சொன்னாள். இரண்டு காதிலும் எவ்வளவு கூட்டியும் அலை வரவில்லை. நாக்கில் குறையில்லை, தொண்டையில் குறையில்லை. உள்ளே போகாத சொல் வெளியே வராது, அவ்வளவுதான். முதலில் இரண்டு காதுக்கும் கருவி மாட்டிச் சில மாதம் பழக்கிப் பார்க்க வேண்டும். அது போதாது என்றே தனக்குத் தோன்றுகிறது. ஸ்கேன் எடுத்தபின் உட்செவியில் கருவி வைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் சொல்வார். அறுவை முடிந்ததும் பேசிவிடமாட்டாள். ஒவ்வோர் ஓசையாகக் கேட்கப் பழக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில், தினமும், தாய்தான் உடன் உட்கார வேண்டும். ஒரு வயசுல வந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும் என்று சொல்லி நிறுத்தி, இப்பவும் வழி இருக்குக்கா என்றாள். பேசிருவாளா என்று ஆவுடையப்பன் கேட்டார். எந்த அளவுக்கு என்று இப்போது சொல்ல முடியாது என்றாள். அவர் ஃபிளாஸ்கை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றினார். நீங்க ஏதாவது கேக்கணுமாக்கா என்றாள். கேட்க வேண்டியவை எனக்குள் வரிசையாக இருந்தன: கருவி எது, எங்கே, எப்போது தொடங்குவது. குடும்பத்தில் யாருமில்லை என்று சொன்னதைத் திருத்த வேண்டும், ஒருவர் இருந்தார் என்று. வாயைத் திறந்தபோது வந்தது அந்த வரிசையில் இல்லாத ஒன்று.

“அவளுக்கு அவள் பெயர் தெரியுமா?”

ஜெபமலர் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். “தெரியாதுக்கா. இனிமேத்தான் சொல்லிக் குடுக்கணும்.”

கயல் அசைந்தாள். மருந்தின் மயக்கத்தில் இருந்து மெல்ல மேலே வந்து, கண் திறந்து, துளையிட்ட சுவரைப் பார்த்தாள், அறிமுகமில்லாத பெண்ணைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். எழுந்ததும் வரவேண்டியது பிரஷ். இங்கே பிரஷ் இல்லை, குழாயடி இல்லை, அவளுக்குத் தெரிந்த நாள் எதுவும் இங்கே தொடங்கவில்லை. உதடு பிதுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. நழுவியிருந்த கையை நீட்டித் தொண்டைக்குழியைத் தேடி உள்ளங்கையைப் பதித்தாள், காத்திருந்தாள். என் தொண்டை அசைவற்றுக் கிடந்தது. அவள் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு கையைச் சற்றே எடுத்து, மூடிய கதவைத் தட்டுவதுபோல இரண்டு விரல்களால் என் தொண்டையைத் தட்டினாள்.

கயற்கண்ணி என்றேன்.

தட்டிய கை பதிந்தது. சுருங்கிய புருவம் மெல்ல விரிந்தது. என் வாயைப் பார்த்தபடியே இருந்தாள். கயற்கண்ணி என்று மீண்டும் சொன்னேன். குரல் உடைந்தது, உடைந்ததையும் அந்தக் கை வாங்கிக்கொண்டது. அதற்குமேல் முடியாமல் நிறுத்தினேன். தொண்டை அடங்கியது.

அவள் மறுபடியும் தட்டினாள்.